‘என்ன படிச்சும்மா வளர்ந்தே?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்லாமியத் தமிழ் நூல்களைப் பற்றியும் மதுரையின் பழைய கதைகளைப் பற்றியும் ஆறு வருடமாக யூடியூபில் பேசிவருகிறேன். ஊர் மதுரை, நெல்பேட்டைப் பக்கம். வீடியோ பார்த்தவர்கள் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் என்னை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் புத்தகத்தைப் பற்றித்தான். என்ன படித்தாய், யார் படிக்கச் சொன்னார்கள், எங்கே கிடைக்கும்? பதில் பாதியில் இருக்கும்போதே பஸ் வந்துவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

வீட்டில் நிறையப் புத்தகம் இருந்ததா?

சொந்தப் புத்தகம் நாலைந்துதான். அடுத்தவர் புத்தகம் வீடு நிறைய இருந்தது. அத்தா (அப்பா) பைண்டிங் வேலை செய்தார். அச்சகத்திலிருந்து பாரம் பாரமாகத் தாள் வந்து இறங்கும். அம்மாவும் நானும் தங்கச்சியும் உட்கார்ந்து மடிப்போம். எண் பார்த்து அடுக்கிக் கொடுத்தால் அத்தா தைப்பார். பசையும் வீட்டிலேயே காய்ச்சுவதுதான். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்போம். காலிகோ துணி ஒட்டி, பாரக்கல்லின் கீழ் ஒரு ராத்திரி வைத்து எடுத்தால் புத்தகம் தயார். காலையில் அது வேறு யார் வீட்டுக்கோ போய்விடும்.

மடிக்கும்போது படித்தால் அத்தா அதட்டுவார், வேலை நின்றுவிடும் என்று. நான் மடித்துக்கொண்டே படிக்கப் பழகினேன். பாரம் என்றால் பதினாறு பக்கம் சேர்த்து அச்சடித்த ஒரே பெரிய தாள். மடிக்காத பாரத்தில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்றாம் பக்கத்தை ஒட்டிப் பதினாறாம் பக்கம் இருக்கும். எட்டாம் பக்கம் தலைகீழாக நிற்கும். ஒரு கதையின் முடிவைப் படித்துவிட்டு, நடுவில் என்ன நடந்தது என்று அடுத்த பாரத்தில் தேடுவேன். கையில் இருக்கும் பக்கத்துக்கு முன்னும் பின்னும் வேறு பக்கங்கள் எங்கோ இருக்கின்றன என்பது அப்படித்தான் எனக்குள் பதிந்தது. இன்றைக்கு யாராவது ஒரு புத்தகத்தின் ஒற்றைப் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பி ‘பாத்தீங்களா?’ என்று கேட்டால், என் கை தானாக அடுத்த பாரத்தைத் தேடுகிறது.

முதன்முதலில் முழுதாகப் படித்த புத்தகம்?

எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் எழுதிய ‘வாழ்வது ஒருமுறை’. முதுகு கிழிந்து எங்கள் வீட்டுக்குப் பழுதுபார்க்க வந்தது. அவர் தொண்டிக்காரர். தன்னம்பிக்கை நூல் என்று இன்றைக்குக் கடை கடையாக அடுக்கி வைத்திருக்கும் வகையைத் தமிழில் முன்னோடியாக எழுதியவர்களில் ஒருவர். பள்ளியில் அந்த நூலைப் பற்றிச் சொன்னபோது, எழுதியவர் ஒரு முஸ்லிம் என்று தோழிகள் நம்பவில்லை. எனக்கும் அதுவரை தெரியாது. அவருடைய ‘இஸ்லாமியக் கலைக் களஞ்சியம்’ பல தொகுதிகளாக வந்தது. வீடியோவுக்கு ஒரு பெயரையோ ஊரையோ சரிபார்க்க வேண்டுமென்றால் இப்போதும் முதலில் அதைத்தான் எடுக்கிறேன்.

உங்கள் புத்தியை மாற்றியது ஒரே ஒரு புத்தகம் என்றால் எது?

ஒரு புத்தகத்தின் முன்னுரை. அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

என் முதல் வீடியோவை, ‘சீனா சென்றாயினும் கல்வியைத் தேடுங்கள் என்றார்கள் நபிகள் நாயகம்’ என்று தொடங்கினேன். மீலாது மேடையிலும் காலண்டரிலும் பள்ளிச் சுவரிலும் பார்த்து வளர்ந்த வாசகம். நாலு நாள் கழித்து வயதான ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) ஒருவர் மாமாவிடம் என் நம்பர் வாங்கி அழைத்தார்.

“நல்லாப் பேசுறம்மா. ஆனா மொதல்ல சொன்னியே, அது ஹதீஸுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்களே ஹஜ்ரத்.”

“எல்லாரும்னா யாரு? பேரு சொல்லு.”

ஹதீஸ் என்றால் நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு. அதை அறிவித்தவர் என்று எனக்கு ஒரு பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. அவர் திட்டவில்லை, பொறுமையாக விளக்கினார். அந்த வாசகத்தின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. இப்னுல் ஜவ்ஸி என்ற அறிஞர், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் திரட்டிய தம் நூலிலேயே அதைச் சேர்த்திருக்கிறார். ‘கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை’ என்பது இப்னு மாஜாவின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது, நீ அதைச் சொல்லியிருக்கலாமே என்றார். கல்வியைப் பற்றிப் பேசவந்த நான் முதல் வரியிலேயே நபியவர்கள் பெயரால் சரிபார்க்காத ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். அன்று இரவே வீடியோவை எடுத்துவிட்டேன். ரொம்ப நாளைக்கு மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பின் தமிழ்ப் பெயர்ப்பை வாங்கி, ஹதீஸ்களுக்கு முன்னால் இமாம் முஸ்லிம் எழுதிய முன்னுரையைப் படித்தேன். கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்ற கருத்துள்ள ஹதீஸ் அங்கே இருக்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே வேண்டாம், வடிகட்டாமல் கடத்தினாலே போதும். ஒரு செய்தியை இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று ஆள் ஆளாகப் பின்னோக்கிப் போவதை ‘இஸ்னாது’ என்பார்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், அல்லது ஒருவர் நினைவாற்றல் குறைந்தவர் என்று தெரிந்தால், செய்தியின் தரம் இறங்கிவிடும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இதற்காக ஊர் ஊராக ஒட்டகத்தில் போனார்கள். நான் ஒரு போன் கூடச் செய்யாமல் கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான் படித்த மற்ற எல்லாப் புத்தகங்களும் இந்த முன்னுரைக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

இப்னு கல்தூனை அடிக்கடிச் சொல்கிறீர்களே, அவர் யார்?

1332இல் துனிசில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து, 1377இல் ஐந்தே மாதத்தில் ‘முகத்திமா’வின் முதல் வரைவை எழுதி முடித்தார். உலக வரலாறு எழுதப்போகிறவர் அதற்கு எழுதிய முன்னுரை அது. (எனக்கு வாய்த்தவை எல்லாம் முன்னுரைகள்.) வரலாற்றில் பொய் எப்படி நுழைகிறது என்று காரணம் காரணமாகப் பிரிக்கிறார். நம் கட்சி என்ற பற்று. சொன்னவர் மேல் வைக்கும் அளவு மீறிய நம்பிக்கை. பெரிய மனிதர்களைப் புகழ்ந்து காரியம் சாதிக்கும் ஆசை. எல்லாவற்றுக்கும் மேலாக, உலகம் எப்படி நடக்கிறது என்று தெரியாமை.

எடுத்துக்காட்டாக, மூசா நபியின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தார்கள் என்று எழுதிவைத்திருப்பதை எடுக்கிறார். அத்தனை பேர் ஒரு களத்தில் எப்படி நிற்க முடியும், ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். எண்ணைக் கண்டதும் மலைக்காமல், அந்தக் கூட்டத்தைத் தரையில் நிறுத்திப் பார்க்கிறார். ‘லட்சம் பேரை வென்ற நூறு வீரர்கள்’ என்று யாராவது செய்தி அனுப்பினால் நானும் அவர்களைத் தமுக்கம் மைதானத்தில் நிறுத்திப் பார்ப்பேன். சித்திரைத் திருவிழாவில் கூட்டம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு லட்சம் பேர் என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்.

திருக்குர்ஆனை ஏன் இந்த வரிசையில் சொல்லவில்லை?

அதை வரிசையில் ஒன்றாக வைக்க மனம் வரவில்லை. ஓதப் போன நாளிலிருந்து கூடவே இருப்பது அது. ஆனால் ஏழு வயதில் ஓதிமுடித்த எனக்குப் பத்தொன்பது வயதில்தான் பொருள் தெரிந்தது. அதற்குக் காரணமானவர் அ.கா. அப்துல் ஹமீது பாகவி. குர்ஆன் முழுவதையும் முதன்முதலாகத் தமிழில் தந்தவர் அவர். ஒரு தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று 49ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் சொல்கிறது. அதை எத்தனையோ தடவை ஓதியிருந்தேன். தமிழில் படித்த அன்றுதான் அது என்னிடம் பேசியது.

மதுரை சுல்தான்களைப் பற்றிக் கெட்டதையும் சொன்னீர்கள். நம் ஆட்களை நாமே குறை சொல்லலாமா?

கோபத்தோடு வரும் கேள்வி இது. கேட்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஏற்கெனவே நம்மைப் பற்றி ஊரில் ஆயிரம் பேச்சு, நீ வேறு எடுத்துக் கொடுக்காதே என்கிறார்கள். என் பதிலைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1335இல் தொடங்கி நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மதுரையில் ஒரு சுல்தானியம் இருந்தது. அதன் உள்ளே போய்ப் பார்த்து எழுதியவர் இப்னு பதூதா. மொராக்கோவிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றியவர், 1340களின் தொடக்கத்தில் இங்கே வந்தார். அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் தம்கானி அவருக்குச் சகலை முறை. இருவருமே முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள்களைக் கட்டியவர்கள். சொந்தக்காரர் என்பதற்காக அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. பிடிபட்டவர்களைச் சுல்தான் கழுவில் ஏற்றியதையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளைக் கொன்றதையும் கண்ணால் கண்டு எழுதுகிறார். இப்படி ஒரு கொடுமையை வேறு எந்த மன்னனிடமும் கண்டதில்லை, அதனால்தான் அல்லாஹ் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதுகிறார். விருந்தாளியாகத் தங்கி, அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவர் எழுதிய சாட்சி இது.

அதே நூலில் அப்போது மதுரையில் பரவிய கொள்ளைநோய் வருகிறது. நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் போனார்கள், பிறகு சுல்தானும் போனார். இப்னு பதூதாவுக்கும் கடும் காய்ச்சல். பிழைக்க மாட்டோம் என்று நினைத்தவர், இங்கே நிறையக் கிடைத்த புளியை எடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், பிறகு எழுந்து உட்கார்ந்தார். உலகம் சுற்றிய அந்த மனிதர் எங்கள் ஊர்ப் புளித்தண்ணியில் பிழைத்தார் என்று படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் ஓடினேன். “புளி சூட்டைத் தணிக்கும்டி, அது எல்லாருக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கரைக்கப் போய்விட்டார்.

அந்த வாரமே ‘மதுரா விஜயம்’ படித்தேன். விஜயநகர இளவரசர் குமார கம்பணன் இந்தச் சுல்தானியத்தை வென்ற கதையை அவர் மனைவி கங்காதேவி சமஸ்கிருதக் காவியமாகப் பாடியது. சுல்தான்கள் காலத்து மதுரையை அவர் வர்ணிக்கும் இடங்களைப் படிக்கத் தொண்டை அடைத்தது. அது வென்றவர் பக்கத்துக் காவியம், காவியத்துக்கே உரிய மிகைகள் உண்டு. ஆனால் வலி அத்தனையும் கற்பனை என்று என்னால் தள்ள முடியவில்லை. ஏனென்றால் இன்னொரு பக்கத்து ஆளே கழுமரங்களைப் பார்த்திருக்கிறார்.

அந்தச் சுல்தான்கள் செய்ததற்கு நெல்பேட்டையில் மீன் விற்கும் பாயும் காஜிமார் தெருவில் துணி தைக்கும் பாயும் பொறுப்பில்லை. இதை நான் உரக்கச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் செய்ததை நான் மறைக்கக் கூடாது. கழுவை மறைத்துவிட்டுப் புளியை மட்டும் சொன்னால் நாளைக்கு என் எந்தப் பேச்சையும் யாரும் நம்பத் தேவையில்லை.

கான்சாகிபு பற்றி எப்போது பேசுவீர்கள்?

படித்துக்கொண்டிருக்கிறேன். கிழக்கிந்தியக் கும்பெனியின் தளபதியாக இருந்து, பிறகு அதை எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான் அவர். சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கிறது, கான்சா மேட்டுத் தெருவில் பேர் இருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலைப் படித்துவிட்டேன், எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய ஆங்கில நூல் பாதியில் நிற்கிறது. பாட்டு ஒரு ஆளைக் காட்டுகிறது, கும்பெனிக் கடிதங்கள் வேறு ஆளைக் காட்டுகின்றன. இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் பேச மாட்டேன்.

பிற மதத்தவர் புத்தகங்களை ஏன் படிக்கிறீர்கள்?

நான் பிறந்த ஊரை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவைதான். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகச் செய்த ஆய்வு. கோயிலுக்கும் கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என்று சுற்றியுள்ள மக்களுக்கும் என்ன உறவு என்று ஊர் ஊராய் நடந்து கேட்டு எழுதியது. அவர் இளையான்குடி ஜாகிர் உசேன் கல்லூரியிலும் மதுரை தியாகராசர் கல்லூரியிலும் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்.

அழகர் ஆற்றில் இறங்கியதும் வண்டியூருக்குப் போவார். அங்கே துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று மக்கள் சொல்வார்கள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு அக்கா, “எங்க சாமி ஒங்க வீட்டுக்குத்தாண்டி வருது” என்று சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். மார்க்கப்படி அதை நம்புகிறேனா என்றால் இல்லை. அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இந்த ஊர் எங்களுக்கு ஒரு உறவுமுறை கொடுத்து வைத்திருக்கிறது. நம்பிக்கை வேறு, உறவு வேறு என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு தொ.ப.வைப் படித்த பிறகுதான் வந்தது.

கதை, நாவல் படிப்பது நேர விரயம் இல்லையா?

ஹதீஸ் நூலைப் பற்றி இவ்வளவு பேசிய நான் நாவலையும் விடமாட்டேன். வரலாற்று நூல்களில் அடுப்படி வராது. நாவலில் வரும்.

எஸ். அர்ஷியா மதுரைக்காரர், 2018இல் மறைந்தார். அவருடைய ‘ஏழரைப் பங்காளி வகையறா’ மதுரையில் உருது பேசும் முஸ்லிம்களின் கதை. நாங்கள் தமிழ் பேசும் ராவுத்தர்கள். நாலு தெரு தள்ளி உருது பேசும் வீடுகள் இருந்தன. பள்ளிவாசலில் தோள் உரசி நிற்போம், பெண் கொடுப்பது எடுப்பது என்று வந்தால் கணக்குப் பார்ப்போம். அந்த நாவலைப் படிக்கும்வரை அந்த வீடுகளின் உள்ளே என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘கருத்த லெப்பை’ இன்னும் கடுமையானது. சமத்துவம் பேசும் நாங்கள் லெப்பை, ராவுத்தர் என்று ஒருவரையொருவர் எந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று காட்டும். அதைப் பற்றி நான் பேசிய வீடியோவுக்குத்தான் அதிகம் திட்டு வாங்கினேன். திட்டியவர்களில் இரண்டு பேர் பிறகு புத்தகம் கேட்டார்கள், கொடுத்தேன்.

தோப்பில் முஹம்மது மீரானை எல்லாருக்கும் சொல்வேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், மலையாளத்தில் படித்தவர், தமிழை மலையாள எழுத்தில் எழுதி, பிறகு தமிழ் எழுத்துக்கு மாற்றுவாராம். ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. எனக்கு நெருக்கமானது ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ஊர் முதலாளியின் பேச்சுக்கு ஒரு ஜமாஅத்தே எப்படித் தலையாட்டும் என்பது அதில் இருக்கிறது. மலையாள எழுத்தாளர் பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ காய்ச்சலில் கிடக்கும்போது படிக்க வேண்டியது. அது போதும் அதைப் பற்றி.

பெண் இப்படி வெளியே வந்து பேசுவதற்கு வீட்டில் என்ன சொன்னார்கள்?

தடுத்தார்கள். அத்தா மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவரை மாற்றியது என் வாதம் எதுவும் இல்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் ‘காதலா? கடமையா?’ ஒரு பழம் பிரதி பழுதுபார்க்க வந்தது. 1938இல் வெளியான நாவல். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத ஒரு முஸ்லிம் பெண் எழுதியது, உ.வே. சாமிநாதையர் முன்னுரை கொடுத்தது. அத்தா அந்த முன்னுரையை நின்றுகொண்டே படித்தார். “அப்பவே எழுதியிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பிரதிக்கு அவர் போட்ட பைண்டிங்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூலிக்கு மேல் செய்திருந்தார்.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை அத்தாவிடம் காட்டவில்லை, அம்மாவிடம் கொடுத்தேன். சல்மா துவரங்குறிச்சிக்காரர். மதுரையிலிருந்து திருச்சி போகும் பஸ் அந்த ஊரைத் தாண்டித்தான் போகும். பருவம் வந்ததும் பள்ளி நின்று, வீட்டுக்குள்ளேயே இருந்து, ஒளித்து எழுதியவர். அவர் கவிதைகளை யாருக்கும் தெரியாமல் வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய அம்மா. நாவலில் சில இடங்கள் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பெண்கள் திண்ணைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிற பேச்சு நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. அம்மா பத்து நாளில் படித்து முடித்தார். எதுவும் சொல்லவில்லை. மறுவாரம் நான் வீடியோ எடுக்கும்போது, குக்கர் விசில் வராமல் அடுப்பை நிறுத்தி வைத்தார். இப்போதும் அப்படித்தான் செய்கிறார்.

கவிதை?

கவிக்கோ அப்துல் ரகுமான். மதுரையில் பிறந்து, தியாகராசர் கல்லூரியில் படித்து, வாணியம்பாடியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். ‘பால்வீதி’யில் தொடங்குங்கள். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் சூஃபிப் புலவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. ஆனால் அவரை உட்கார்ந்து படிக்காதீர்கள், யாராவது பாடிக் கேளுங்கள்.

சீறாப்புராணம் புரியவில்லை. எங்கே தொடங்குவது?

உமறுப்புலவர் பாடியது 5027 விருத்தம், மூன்று காண்டம். முதல் பாட்டிலிருந்து மலை ஏறினால் மூச்சு வாங்கும். மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பிடியுங்கள். வேடனிடம் அகப்பட்ட மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நபியவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். அரபு நாட்டில் நடக்கும் கதையில் நம் பக்கத்துக் காடும் மலையும் சோலையும் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தச் சம்பவத்தின் அறிவிப்பு எவ்வளவு பலமானது என்று ஹஜ்ரத் என்னைக் கேட்டார். காவியமாகப் படிக்கிறேன், ஹதீஸாகச் சொல்ல மாட்டேன் என்றேன். “அந்த வித்தியாசம் தெரிஞ்சாச் சரி” என்றார்.

எனக்கு ஆங்கிலம் வராது. நீங்கள் எப்படி ஆங்கில நூல்களைப் படிக்கிறீர்கள்?

தமிழ்வழியில் படித்தவள்தான். அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றில் ஒரு இடம் வரும். சிறையில் இருந்தபோது, மனதில் நினைத்ததை எழுதச் சொல் இல்லாமல் தவித்தவர் ஒரு அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் படியெடுக்கத் தொடங்குகிறார். விளக்கணைத்த பிறகு தாழ்வாரத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் படிக்கிறார். நான் நாளைக்குப் பத்துச் சொல் எழுதினேன், இரண்டு வருடம். மால்கமிடம் அதைவிடப் பெரியது ஒன்று கற்றேன். வெள்ளையர் எல்லாரும் பிசாசுகள் என்று மேடை மேடையாகப் பேசியவர், 1964இல் ஹஜ்ஜுக்குப் போய் வெள்ளை நிறத்தவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டபின், நான் சொன்னது தப்பு என்று உலகத்துக்கே கடிதம் எழுதினார். பல்லாயிரம் பேர் கைதட்டிய பேச்சை, அந்தப் பல்லாயிரம் பேர் கேட்க மாற்றிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று என் சின்னக் கூட்டத்தை வைத்தே எனக்குத் தெரியும்.

எப்படிக் குறிப்பு எடுக்கிறீர்கள்?

அத்தா தைத்துக் கொடுத்த நோட்டு. இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் அதை யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும். வலப்பக்கம் காலியாக இருக்கும் செய்தி வீடியோவில் வராது. இமாம் கஸ்ஸாலியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. படித்து ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவர் குறிப்புகளைப் பிடுங்கிக்கொண்டார்களாம். என் கல்வி அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சியதற்கு, திருடக்கூடியதைக் கல்வி என்கிறாயே என்று தலைவன் சிரித்தானாம். மூன்று வருடம் உட்கார்ந்து அத்தனையையும் மனனம் செய்தாராம் இமாம். அதனால் நோட்டைப் பார்த்துப் படிக்காமல், மூடிவைத்துவிட்டுச் சொல்லிப் பழகுகிறேன்.

பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

முடியாது. விற்பனையில் இருக்கும் புத்தகத்தை வாங்குங்கள். அதை மடித்த கைகளுக்கும் தைத்த கைகளுக்கும் அதில்தான் கூலி.

மதுரையில் எங்கே கிடைக்கும்?

காசில்லாமல் படிக்க சிம்மக்கல் மாவட்ட மைய நூலகமும், 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பழைய பதிப்புகளுக்கு மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் கேளுங்கள். வாங்குவதற்கு, தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு நாளை ஒதுக்குங்கள். பள்ளிவாசல் அலமாரிகளையும் விட்டுவிடாதீர்கள். யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்கும் நூல்களில் நான் கண்டெடுத்தவை அதிகம். மோதினாரிடம் மரியாதையாகக் கேட்டால் திறந்துவிடுவார்.

ஏன் எல்லாவற்றையும் கேள்வி பதிலாகவே செய்கிறீர்கள்?

இஸ்லாமியத் தமிழில் நமக்கு முழுதாகக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் நூல் ‘ஆயிரம் மசலா’. வண்ணப்பரிமளப் புலவர் பாடி 1572இல் மதுரையில் அரங்கேற்றியது. மசலா என்றால் கேள்வி. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபியவர்களிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார், பதில் மேல் பதிலாக வருகிறது. அவ்வளவுதான் நூல். ஏன் கேட்கிறாய் என்று யாரும் அவரை அதட்டுவதில்லை. இந்த ஊரில் எங்கள் தமிழ் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. கேள்வி கேட்கும் பிள்ளையை ‘அதிகப்பிரசங்கி’ என்று வாயடைக்கிற வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் இந்த நூலைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்போது என்ன படிக்கிறீர்கள்?

நன்னி (பாட்டி) வைத்திருந்த ‘மஃகானி’. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபுத்தமிழில் எழுதிய சட்ட நூல். எழுத்து அரபு, மொழி தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி வைத்துப் புது எழுத்து செய்துகொண்டார்கள். தமிழ் எழுத்து தெரியாத நன்னி இதை மடமடவென்று படிப்பார். பள்ளிக்கூடக் கணக்கில் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் இருந்தபோது நான் கற்றுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் போகாது.

ஓரம் செல்லரித்திருக்கிறது. அத்தா ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பின்னால் மெல்லிய தாள் ஒட்டித் தருகிறார், அவர் கொடுக்கக் கொடுக்க நான் படிக்கிறேன். ஐந்து தாள் முடிந்திருக்கிறது. ஆறாவதில் ஒரு சொல் ழகரமா ளகரமா என்று புள்ளி அழிந்து தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஹஜ்ரத்திடம் காட்ட வேண்டும்.